பத்தாவது ஆள்

யூதர்களின் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் கூடிப் பத்தாவது ஆள் வராவிட்டால், அவரவர் தனித்தனியே பிரார்த்தித்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான். தோரா சுருளைப் பேழையிலிருந்து எடுத்து முறைப்படி வாசிக்க முடியாது. இறந்தவர்களுக்காகச் சொல்லப்படும் 'கதிஷ்' பிரார்த்தனையையும் சொல்ல முடியாது. இந்தப் பத்துப் பேர் கூட்டத்திற்கு 'மினியான்' என்று பெயர். ஒன்பது பண்டிதர்களால் ஆகாதது பத்து சக்கிலியர்களால் ஆகும் என்ற பொருளில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களிடையே ஒரு சொலவடை உண்டு. படிப்போ பணமோ பார்க்காத கணக்கு. நல்ல சமத்துவம்தான். ஆனால் மரபுப்படி அந்தப் பத்துப் பேரும் பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்களாக இருக்க வேண்டும்.

சுமார் இரண்டு நூற்றாண்டுகளாக யூத மதத்துக்குள் நடக்கும் சீர்திருத்தச் சண்டைகளில் பெரும்பகுதி இந்தக் கணக்கைப் பற்றியதுதான். யாரை எண்ணுவது, யாரை விடுவது? இந்தச் சண்டை பெர்லினிலும் நியூயார்க்கிலும் மட்டும் நடந்ததாக நினைப்பவர்கள் கொச்சியையும் பம்பாயையும் மறந்துவிடுகிறார்கள்.

பஸ்கா பண்டிகையிலிருந்து தொடங்கலாம். மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ வருவது. எகிப்தில் அடிமைகளாக இருந்த இஸ்ரவேலர்கள் மோசேயின் தலைமையில் விடுதலையடைந்ததைக் கொண்டாடுவது. அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லை என்பது ஐதீகம். எனவே பண்டிகை நாட்களில் புளிப்பில்லாத அப்பம் மட்டுமே. முதல் இரவு வீட்டில் 'செடர்' என்ற விருந்து. அடிமை வாழ்வின் கசப்புக்குக் கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்பு நீர். வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்க, பெரியவர்கள் 'ஹகாதா' என்ற நூலைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். தானே அன்று எகிப்திலிருந்து வெளியேறியதாக ஒவ்வொருவரும் கருத வேண்டும் என்பது அந்த இரவின் விதி. இதற்கு மினியான் தேவையில்லை. வீடும் சாப்பாட்டு மேசையும் போதும். பண்டிகையின் பாதி வேலை பெண்களுடையது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைச் சேர்ந்தவர்களும் ஆண்டுதோறும் இந்தக் கதையைப் படித்தார்கள். தரையில் பதித்த நீல நிறச் சீன ஓடுகளைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்வார்கள். வாசலை ஒட்டிய முன்கூடத்தின் சரித்திரம் பலருக்குத் தெரியாது. பரதேசி யூதர்களின் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியினர், தலைமுறை தலைமுறையாக, அங்கேதான் தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளே பலகைகளில் அவர்களுக்கு இடமில்லை. தோரா வாசிக்க அழைப்பும் இல்லை. 'மெஷுக்ராரிம்' என்று அவர்களுக்குப் பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்பது அந்த எபிரேயச் சொல்லின் பொருள். அடிமைத்தளையிலிருந்து மீண்டதைக் கொண்டாடும் பண்டிகையன்று, உண்மையிலேயே மீண்டவர்களின் பேரப்பிள்ளைகள் வாசலில்!

மத நூல்கள் இப்படிச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து ஒரு கேள்வி கெய்ரோவுக்குப் போனது. அங்கிருந்த புகழ்பெற்ற ரபி டேவிட் பென் சிம்ரா, முறைப்படி விடுவிக்கப்பட்டு சடங்கு நீராட்டும் செய்யப்பட்டவர்கள் முழு யூதர்களே, அவர்களோடு மண உறவு கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தார். தீர்ப்பு கடல் கடந்து வந்தது. மட்டாஞ்சேரியில் கரையேறவில்லை. சுற்றிலும் சாதி இருந்த ஊரில், வந்தேறிய மதமும் அதன் இலக்கணத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

இந்தச் சமூகத்தில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். ('சேலம்' என்பது நம் ஊரல்ல, எபிரேயப் பெயர்.) சென்னையில் சட்டம் படித்து, கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞரானார். கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார். தொழிற்சங்கம் கட்டினார். பூரண சுயராஜ்யத் தீர்மானம் நிறைவேறிய 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போய்வந்தார். ஊருக்கெல்லாம் வாதாடியவருக்குத் தன் ஜெப ஆலயத்தில் உட்கார பலகை இல்லை. முதலில் அவர் ஆலயத்தைப் புறக்கணித்துப் பார்த்தார். பிறகு காந்தியிடம் கற்றதை ஆலயத்துக்குள்ளேயே பிரயோகித்தார். வைக்கத்தில் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களுக்காக நடந்ததைப் போன்ற ஒரு சத்தியாக்கிரகம், அதிக சத்தமில்லாமல், ஒரு சிறிய யூதத் தெருவில் நடந்தது. 1930களில் கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்ற பட்டம் சேலத்திற்குக் கிடைத்தது இப்படித்தான்.

பலகை கிடைத்தது, பந்தம் கிடைக்கவில்லை. அவருடைய மகன் ஒருவர் 'வெள்ளை' யூதக் குடும்பத்துப் பெண்ணை 1950இல் மணந்தபோது, திருமணத்தைக் கொச்சியில் நடத்த முடியாமல் பம்பாய்க்குப் போக வேண்டியிருந்தது. கூடத்தில் பக்கத்தில் உட்கார வைப்பது ஒன்று, வீட்டில் விளக்கேற்ற விடுவது வேறு. இந்த வித்தியாசம் தமிழ் வாசகர்களுக்குப் புதிதல்ல.

மெஷுக்ராரிம் பெண்களிலிருந்து இந்தக் கதையைச் சொல்ல ஒருவர் வந்தார். 1912இல் பிறந்த ரூபி டேனியல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படையின் பெண்கள் பிரிவில் பணியாற்றியவர். 1951இல் இஸ்ரேல் போய் ஒரு கிபுட்ஸில் குடியேறினார். 1995இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்புகள் ஆங்கிலத்தில் உள்ளன. அதைவிட முக்கியமான இன்னொரு வேலையும் செய்தார். கொச்சி யூதப் பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாடல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடுபவை. கையெழுத்து நோட்டுகளில் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கு வந்தவை. பெண் குரலை ஆண்கள் கேட்கலாகாது என்று பல நாட்டு யூத மரபுகள் தடுத்த காலத்தில், கொச்சியில் ஆண்கள் முன்னிலையிலேயே பெண்கள் பாடினார்கள். ரூபி இவற்றில் பலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக் கொடுத்தார். எந்தச் சீர்திருத்தச் சங்கமும் வந்து கற்றுக்கொடுக்காத சுதந்திரம் அது. பத்து பேர் கணக்கில் சேராதவர்கள்தான் மொழியைச் சேமித்து வைத்திருந்தார்கள்.

பம்பாயின் கதை வேறு. கொங்கணக் கரையில் கப்பல் உடைந்து கரையேறியவர்களின் வம்சம் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெனே இஸ்ரேல் யூதர்கள் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை வேலை செய்யாததால் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர், என்று கிராமத்தார் அழைத்தார்கள். எபிரேயம் ஏறத்தாழ மறந்துபோயிற்று. இவர்கள் யூதர்கள்தானா என்று சோதிக்க வந்த டேவிட் ரஹாபி என்பவர், பெண்களிடம் பலவகை மீன்களைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். துடுப்பும் செதிளும் இல்லாத மீன்களை அவர்கள் ஒதுக்கி வைத்தார்களாம். மோசேயின் சட்டம் விலக்கிய மீன்கள் அவை. சந்தேகம் தீர்ந்தது. கதை எவ்வளவு நிஜமோ, அதன் சாரம் கவனிக்கத்தக்கது. ஒரு சமூகம் தன் அடையாளத்தைப் பெண்களின் அடுப்படியில் வைத்து நிரூபித்திருக்கிறது. பிரார்த்தனைக்கு ஆள் எண்ணும்போது மட்டும் அதே பெண்கள் எண்ணிக்கையில் இல்லை.

மொழியில் ஆர்வமுள்ளவர்களுக்கு இவர்களது பண்டிகைகளின் பழைய மராத்திப் பெயர்களே போதும். பாவநிவாரண நாளான யோம் கிப்பூர் 'தர்ஃபால்னிச்சா சண்', கதவடைக்கும் பண்டிகை. பஸ்கா, புளித்த திரவம் உள்ள ஜாடியை மூடி வைக்கும் பண்டிகை. ஜெருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட துக்க நாளுக்கு அன்று சமைக்கும் மொச்சை வகைக் குழம்பின் பெயர், 'பிர்டியாச்சா சண்'. பூரிம் வந்தால் ஹோலி. சாஸ்திரம் மறந்தாலும் சமையல் மறக்கவில்லை. எலியா தீர்க்கதரிசியின் பெயரால் அவலும் தேங்காயும் வெல்லமும் பழங்களும் வைத்துப் படைக்கும் 'மலிதா' உலகின் வேறெந்த யூதர்களிடமும் இல்லை. 1874இல் புனேயில் மராத்தி மொழிபெயர்ப்போடு அச்சான ஒரு ஹகாதாவின் படங்களில், புளிப்பில்லாத அப்பம் சுடும் பெண்கள் சேலை கட்டியிருக்கிறார்கள். ஐரோப்பியப் பதிப்புகளைப் பார்த்து வரைந்தவர்கள் பாவாடையைச் சேலையாக மொழிபெயர்த்துவிட்டார்கள். பம்பாயின் மஸ்ஜித் ரயில் நிலையத்தின் பெயர்கூட மசூதியால் வந்ததல்ல, பெனே இஸ்ரேலர்கள் 1796இல் கட்டிய ஜெப ஆலயத்தால் வந்தது என்பார்கள்.

இந்தச் சமூகத்தில் பிறந்தவர் டாக்டர் ஜெருஷா ஜிராத். ஊர் ஷிமோகா. பெண்களுக்கு அதுவரை கிடைத்திராத இந்திய அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று மகப்பேறு மருத்துவத்தில் எம்.டி. பட்டம் பெற்றார். அங்கே அவர் கண்டது மருத்துவத்தை மட்டுமல்ல. லிலி மான்டேகு என்ற பெண்மணி, கிளாட் மான்டிஃபியோர் என்ற அறிஞரோடு சேர்ந்து 1902இல் தொடங்கிய 'யூத மதச் சங்கம்' அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். புரியும் மொழியான ஆங்கிலத்தில் பிரார்த்திக்கலாம். 1918இல் லிலியே பிரசங்க மேடை ஏறினார். பிரிட்டனில் எந்த யூதப் பெண்ணும் அதற்கு முன் செய்யாதது. அவருடைய தந்தை கடுமையான ஆசாரவாதி. சகோதரர் எட்வின் மான்டேகுவை இந்தியர்களுக்குத் தெரியும். பள்ளிப் பாடத்தில் வரும் மான்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் மான்டேகு. தம்பி இந்தியாவுக்கு எழுதிய சீர்திருத்தம் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. அக்காவின் சீர்திருத்தம் ஓர் இந்திய டாக்டரின் பெட்டியில் சத்தமின்றிப் பம்பாய் வந்து சேர்ந்தது.

1925இல் ஜெருஷா பம்பாயில் அதே பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார். லண்டன், நியூயார்க் முற்போக்கு யூதர்கள் ஒன்றுகூடி உலக அமைப்பு கண்டது அடுத்த ஆண்டுதான். பிறகு காமா மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் 1928 முதல் 1947 வரை இருந்தார். பம்பாயில் பிரசவத்தின்போது தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்து அறிக்கை தந்தார். பெண்களைக் கணக்கில் எடுப்பது அவருக்குத் தொழிலாகவே இருந்தது. 1966இல் பத்மஸ்ரீ பெற்றார். 1984இல் மறைந்தார்.

சங்கம் பெரிதாக வளரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெனே இஸ்ரேலர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய ஜெப ஆலயங்களிலேயே இருந்துவிட்டார்கள். செக்காட்டிய வம்சத்தின் பாட்டிக்கு மராத்திக் கீர்த்தனையில் கிடைத்த பக்தி ஆங்கிலப் பிரார்த்தனையில் கிடைத்திருக்காது. புரியும் மொழி என்பது யாருக்குப் புரியும் மொழி என்ற கேள்வி சீர்திருத்தவாதிகளுக்கு எப்போதும் சங்கடமானது. தமிழ்நாட்டில் அர்ச்சனை மொழி பற்றி வாதாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேற்கே இந்தக் கணக்கு மாறுவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பார்த்தால் ஜெருஷாவின் அவசரம் புரியும். பெண்களையும் மினியானில் சேர்க்க வேண்டும் என்று ஜெர்மன் சீர்திருத்த ரபிகளின் பிரெஸ்லாவ் மாநாட்டில் பரிந்துரை வந்தது 1846இல். அமெரிக்காவின் மிதவாதிகளான 'கன்சர்வேடிவ்' பிரிவு அதை அனுமதித்தது 1973இல். இடையில் 127 ஆண்டுகள். நியூயார்க்கில் 1922 மார்ச் 18 அன்று மோர்டெகாய் கேப்லன் என்ற ரபி தன் பன்னிரண்டு வயது மகள் ஜூடித்தைச் சபையில் தோரா வாசிக்க வைத்தார். பையன்களுக்கு மட்டுமே இருந்த சடங்கு. அப்போதும் அந்தச் சிறுமி சுருளிலிருந்து வாசிக்கவில்லை. சற்றுத் தள்ளி நின்று அச்சிட்ட புத்தகத்திலிருந்துதான் வாசித்தாள். சுருளுக்கும் சிறுமிக்கும் இடையே இருந்த அந்தச் சில அடிகளைக் கடக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

1972இல் சாலி பிரீசேண்ட் ரபியானபோது உலகின் முதல் பெண் ரபி என்று எழுதினார்கள். அது தவறு. ஜெர்மனியில் ரெகினா யோனாஸ் 1935லேயே ரபி பட்டம் பெற்றிருந்தார். 1944இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1991இல், கிழக்கு பெர்லின் ஆவணக் காப்பகத்தில் அவருடைய காகிதங்கள் கிடைத்த பின்பே உலகம் அவரைத் திரும்ப எண்ணிக்கையில் சேர்த்தது. அவரோடு வாழ்ந்து உயிர் தப்பிய ரபிகள் சிலர் அத்தனை ஆண்டுகளும் அவரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பது நெருடுகிறது.

இன்று அமெரிக்க யூத வீடுகள் பலவற்றில் செடர் தட்டில் ஓர் ஆரஞ்சு இருக்கும். மரபில் இல்லாதது. இதற்கு ஒரு கதை ஊரெங்கும் உலவுகிறது. பெண் ரபி பற்றி ஒருவர் பேசியபோது ஆசாரவாதி ஒருவர் எழுந்து, செடர் தட்டில் ஆரஞ்சுக்கு என்ன இடமோ அதுதான் மேடையில் பெண்ணுக்கு என்று கத்தினாராம். அதற்குப் பதிலடியாக ஆரஞ்சு வைத்தார்களாம். அறிஞர் சூசன்னா ஹெஷல் இதை மறுக்கிறார். ஆரஞ்சை வைத்தவரே அவர்தான். மார்ட்டின் லூதர் கிங்கோடு செல்மாவில் நடந்த ரபி ஆபிரகாம் ஜோஷுவா ஹெஷலின் மகள். 1980களில், சமூகம் ஒதுக்கிவைத்த ஓரினச் சேர்க்கையாளர்களின் நினைவாக அவர் அதைத் தொடங்கினார். விதைகளைத் துப்புவது வெறுப்பைத் துப்புவதற்கு அடையாளம். ஒரு பெண்ணின் யோசனை வாய்வழியாகப் பரவும்போது ஓர் ஆணின் வசனமாகிவிட்டது, யாருக்காக வைத்தாரோ அவர்களும் கதையிலிருந்து காணாமல் போய்விட்டார்கள் என்பது அவர் வருத்தம். தட்டில் இடம் கிடைத்தாலும் கதையில் இடம் கிடைப்பது கடினம்தான். சிலர் இப்போது பாலஸ்தீனர்களை நினைத்து ஆலிவ் காய் வைக்கிறார்கள். 2024 பஸ்காவில், காஸா போரின் நடுவே, பிணைக் கைதிகளுக்காக காலி நாற்காலி போட்டவர்களும் உண்டு. போரை நிறுத்தக் கோரி புரூக்லின் தெருவில் செடர் நடத்திக் கைதானவர்களும் உண்டு. கேள்வி கேட்கும் பண்டிகை, எல்லாருக்கும் பிடித்த கேள்வியாக வராது.

இந்திய யூதர்களையே எண்ணாமல் விட்ட காலமும் இருந்தது. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பெனே இஸ்ரேலர்களின் திருமணங்களில் 1962இல் சிக்கல் வந்தது. தலைமை ரபிகளின் சபை அவர்கள் வம்சாவளியை விசாரிக்கச் சொன்னது. ரஹாபியின் மீன் சோதனை மறுபடியும், இம்முறை ஆவணங்களோடு. உண்ணாவிரதம், ஆர்ப்பாட்டம், நாடாளுமன்ற விவாதம் என்று இரண்டு ஆண்டுகள் போராடி, 1964இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்று சொன்ன பிறகுதான் ஓய்ந்தது. இந்தியாவிலிருந்து போனவர்கள் இந்தியாவில் கற்ற ஆயுதத்தையே எடுத்திருந்தார்கள்.

போனவர்கள் போக, இன்று இந்தியாவில் எஞ்சியிருப்பவர்கள் சுமார் ஐயாயிரம் பேர். பெரும்பாலோர் மும்பையிலும் தானேயிலும். மகாராஷ்டிர அரசு 2016இல்தான் சிறுபான்மையினர் என்று அங்கீகரித்தது. ஜெருஷாவின் சங்கத்துக்கு 2025இல் நூறு வயது.

கொச்சியில் 1950களின் பெருங் குடியேற்றத்துக்குப் பிறகு பத்து ஆண்கள் சேர்வது குறைந்து, கடைசியில் வெளியூரிலிருந்து வரும் யூதப் பயணிகளை எதிர்பார்த்துத்தான் பரதேசி ஆலயத்தில் மினியான் கூடியது. யாராவது வந்து சேர்ந்தால் பிரார்த்தனை. வராவிட்டால் இல்லை. அந்த ஆண்டுகளில் தெருவில் வீடுகளுக்குள் பெண்கள் இருந்தார்கள். பிரார்த்தனை தெரிந்தவர்கள், பாடல்கள் தெரிந்தவர்கள். மரபு அவர்களை எண்ணவில்லை, அவர்களும் தங்களை எண்ணச் சொல்லவில்லை. பழக்கத்தை மாற்றுவதைவிடப் பிரார்த்தனையை இழப்பதே மேல் என்று நினைக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு உண்டு. 2024 ஆகஸ்டில் பரதேசி சமூகத்தின் கடைசிப் பெண்மணியும் காலமானார்.

டில்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் கட்டிய ஜூடா ஹயாம் ஜெப ஆலயத்தின் நிலையும் எண்ணிக்கையில் இதைவிட மேலாக இருந்ததில்லை. ஊரில் நிரந்தரமாக வாழும் யூதக் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே பல்லாண்டுகள் கௌரவச் செயலாளராக இருந்து பிரார்த்தனையையும் நடத்திவந்த பெனே இஸ்ரேல் வழக்கறிஞர் ஒருவர், பெண்களையும் மினியானில் சேர்த்துக்கொள்வதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தோரா வாசிக்கவும் அனுமதி. வருகிறவர் எந்தப் பிரிவு என்ற விசாரணை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தூதரகத்திலிருந்து இரண்டு பேர், முதுகில் மூட்டையோடு இமயமலைக்குப் போகும் வழியில் மூன்று பேர், உள்ளூர்க் குடும்பம் ஒன்று, அவர்களுடைய மகள். எண்ணிப் பார்த்து, பத்து ஆனதும் தொடங்கிவிடுகிறார்கள்.